மேட்டுப் பக்கத்து எலுமிச்சம்பழம்

நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அஞ்சம்மாள் தரையில் உட்கார்ந்தாள்.

"மேல உக்காரும்மா," என்றார் சுந்தர்சிங்.

"இருக்கட்டும் சார். எங்க வூட்டுக்காரு போலீஸ் ஸ்டேஷன்ல தரையிலதான் கீறாரு."

மேற்குத் தாம்பரத்தில் சைக்கிள் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. 'தனியார் விசாரணை' என்று வாசலில் போர்டு. சுந்தர்சிங் ரயில்வேயில் இருபத்திரண்டு வருஷம் தொலைந்துபோன மூட்டைகளைத் தேடிக் கண்டுபிடித்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, இப்போது ஊர்க்காரர்கள் தொலைத்ததைத் தேடிக்கொண்டிருக்கிறார். யார் படியேறி வந்தாலும், அவர் வாயைத் திறப்பதற்குள் சுந்தர்சிங்கின் உதவியாள் சிட்டிபாபு ஒரு நக்கல் அடித்து, அழுதுகொண்டு வந்தவரையும் சிரிக்க வைத்துவிடுவான். முப்பத்தாறு வயசு. பன்னிரண்டு வருஷம் செங்கல் சுமந்தவன், அப்புறம் லாரியில் கிளீனராக ஓடினவன். கையெல்லாம் காய்த்துப் போயிருந்தாலும் வாய் மட்டும் காய்க்காமல் இருந்தது.

இன்றைக்கு அந்த வாய் திறக்கவில்லை. ஜன்னலோரம் நின்று ரயில்வே கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெவரமா சொல்லும்மா."

"செம்பாக்கத்துல லோகநாதன்னு ஒருத்தரு, பந்தலு, பாத்திரம்லாம் வாடகைக்கு வுடுவாரு சார். அவராண்டதான் எங்க வூட்டுக்காரு டிரைவரு. ஏகநாதன்னு பேரு. வெள்ளக்காரன் வித்துட்டுப் போன வூட்டு வண்டி ஒண்ணு கீது அவராண்ட. உள்ளயே கட்டிலு, கண்ணாடி, கக்கூசு எல்லாம் இருக்கும். கேளம்பாக்கத்தாண்ட சினிமா எடுக்கறாங்கன்னா, அம்பாசிடர் பின்னாடி மாட்டி இழுத்துக்கினு போவாரு. ஆறு வருசமா மாட்டுறதும் கழட்டுறதும் இவருதான்."

"சரி."

"வியாழக்கெழம ஆயுத பூஜ. மதியானம் வந்து கழட்டிப் போட்டுட்டு, பூஜ முடிஞ்சி, மொதலாளி குடும்பத்த கார்ல கோயிலுக்கு இட்டுக்கினு போனாரு. அப்ப ஒரு மழ வந்திச்சே, அந்த மழையில வூட்டு வண்டி தானா பின்னால உருண்டு போய், ஏரிப் பக்கத்து செவுத்தாண்ட ஒதுங்கி நின்ன வாட்ச்மேன் மேல மோதிடிச்சு. சம்பந்தம்னு, நல்ல மனுசன் சார். முட்டிக்குக் கீழ கால எடுத்துட்டாங்க. இன்னும் கண்ணு தொறக்கல."

"ஒன் புருஷன் என்ன சொல்றான்?"

அஞ்சம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மொதல்ல, 'சக்கரத்துக்கு செங்கல் வெச்சேன், பிரேக் போட்டேன்'னுதான் சொன்னாரு. செங்கல் எங்கடான்னு கேட்டிருக்காங்க. போய்ப் பாத்தா செங்கல்லே இல்ல. பிரேக்கும் கீழ எறங்கி கீது. இப்ப, 'நான்தான் மறந்துட்டன் போல கீது அஞ்சி, எழுதிக் குடுத்துடறேன்'றாரு. திங்கக்கெழம கோர்ட்டாம். செயிலுக்குப் போனா லைசென்ஸும் போயிடும். ஸ்டேரிங்க வுட்டா அவருக்கு வேற ஒண்ணும் தெரியாது சார்."

சுந்தர்சிங் கண்ணாடியைக் கழற்றி சட்டை நுனியில் துடைத்தார். கேஸை எடுத்துக்கொள்கிறார் என்றால் முதலில் கண்ணாடியைத்தான் துடைப்பார்.

சிட்டிபாபு ரயில்வே கேட்டைவிட்டுத் திரும்பவில்லை. அந்த அறையில் அவனுக்கு மட்டும் தெரிந்த சங்கதி ஒன்று இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் அந்த வளாகத்தில் அவனும் இருந்தான்.

லாரி நாளிலிருந்து பழக்கமான ஏகநாதன்தான் பொரி தின்னக் கூப்பிட்டிருந்தான். சிட்டிபாபு போய்ச் சேர்ந்தபோது கார் கிளம்பிப் போயிருந்தது. வாட்ச்மேன் சம்பந்தமும், சாமான் தூக்குகிற இரண்டு ஆட்களும்தான் இருந்தார்கள். நாலு பேருமாகச் சேர்ந்து அந்த வீட்டு வண்டியைத் தள்ளினார்கள். பிறகு கை நிறையப் பொரியோடு அவன் பஸ் ஏறிவிட்டான். மழை அதற்கப்புறம் வந்தது. அதுக்கு மேலே நினைக்க அவன் மனசு இடம் கொடுக்கவில்லை. 'ஏகநாதன் கோயிலுக்குப் போயிருந்தானே, அவனை யார் என்ன செய்வார்கள், விட்டுவிடுவார்கள்' என்று சொல்லிக்கொண்டே வெள்ளிக்கிழமையை ஓட்டிவிட்டான். இன்று சனிக்கிழமை.

"சிட்டி, ஸ்கூட்டரை எடு. என்ன, ஊமையாய்ட்டியா?"

"பல்வலி சார்."

"உனக்குப் பல்லுவலிச்சா ஊருக்கே நல்லது," என்றார் சுந்தர்சிங்.

*

செம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டி லோகநாதனின் இடம். ஒரு காலத்தில் நெல் விளைந்த பூமி. இப்போது இரும்பு நாற்காலியும் அண்டாவுமாக விளைந்து கிடந்தது. ரோட்டுப் பக்கம் மேடு. அங்கிருந்து ஏரிச் சுவர் வரைக்கும் தரை லேசாகச் சரிந்துகொண்டே போனது. சாதாரணமாக நடந்தால் தெரியாது. தலையில் சுமையோடு ஏறினவனுக்குத்தான் முழங்கால் சொல்லும்.

லோகநாதன் வெள்ளை வேட்டியில் எதிரே வந்தார்.

"எதுக்கு சார் வீண் அலைச்சல்? அவனே ஒத்துக்கறான்."

"அதான் சார் உறுத்துது. இருபத்திரெண்டு வருஷ சர்வீசுல, நான்தான் மூட்டையைத் தொலைச்சேன்னு ஒத்துக்கிட்ட ஒருத்தனையும் நான் பார்த்ததில்ல."

கொட்டகைக்குள் பூஜை போட்ட வரிசை கலையாமல் இருந்தது. ஜாக்கி, ஸ்பேனர், சுத்தியல், கடப்பாரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கடைசியில் இரண்டு முட்டுக்கட்டைகள். வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கிற கட்டைகள், அதிலும் குங்குமப் பொட்டு அழியாமல் இருந்தது.

"பார்த்தீங்களா? சக்கரத்தடியில இருக்க வேண்டியது சாமி முன்னாடி உக்காந்திருக்கு. இதை வெச்சிருந்தா வண்டி நகருமா?" என்றார் லோகநாதன்.

"பூஜையில வெச்சத அன்னிக்கே எடுத்துப் புழங்கலாமா சார்?"

"அதெப்படி? மறுநாள் காலையிலதான் தொடணும்."

"அப்போ ஏகநாதன் வேற எதையாவதுதான் வெச்சிருக்கணும்."

"செங்கல் வெச்சேன்றான். எங்க செங்கல்?"

சுந்தர்சிங் கொட்டகைக்கு வெளியே போனார். தகரம் போட்ட ஓரத்தில் புதுச் செங்கல் ஆயிரம் போல அடுக்கியிருந்தது. மேல்வரிசையைக் குனிந்து பார்த்தார். இரண்டு செங்கல்லை மட்டும் விரலால் தட்டினார்.

"சிட்டி, இங்க வா. மத்ததெல்லாம் சிவப்பா இருக்கு. இது ரெண்டுல மட்டும் விளிம்பு நசுங்கி, டயர் ரப்பர் கறுப்பா ஒட்டியிருக்கு."

"ஆமா சார்."

"ஏகநாதன் சொன்னது நெசம். செங்கல் வெச்சிருக்கான். எவனோ எடுத்திருக்கான். சாதாரண ஆள்னா காலால எத்தித் தள்ளிட்டுப் போயிருப்பான். இவன் கொண்டாந்து இடம் பார்த்து அடுக்கியிருக்கான். அதுவும் சூளைக்காரன் பதிச்ச எழுத்து மேல தெரியற மாதிரி. யாரோ வேலை தெரிஞ்சவன்."

சிட்டிபாபுவின் காது சூடேறியது. செங்கல்லை வழியில் விட்டால் மேஸ்திரி திட்டுகிற திட்டு ஏழு தலைமுறைக்குக் கேட்கும். பன்னிரண்டு வருஷத்தில் கைக்கு வந்த பழக்கம். அந்தப் பழக்கம்தான் ஏகநாதனின் ஒரே சாட்சியைக் கொண்டுபோய் ஆயிரம் செங்கல்லோடு கலந்துவிட்டது.

"போலீசு இதைப் பாக்கல," என்றார் லோகநாதன், கொஞ்சம் குரல் இறங்கி.

"போலீசு தரையில கிடக்கறதைத் தேடினாங்க. அடுக்கி வெச்சதை யாரு தேடுவா?"

வீட்டு வண்டி எப்போதும் நிற்கிற இடத்துக்கு நடந்தார்கள். இரண்டு சக்கரமும் ஆறு வருஷமாக நின்று நின்று தரையில் இரண்டு குழி பதிந்திருந்தது. குழிகளின் பின் விளிம்பு மழையில் கரைந்து வழிந்திருந்தது. சுந்தர்சிங் பேன்ட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சிட்டிபாபுவுக்கு அவர் எதைப் பார்க்கிறார் என்று தெரிந்துவிட்டது.

குழிக்கு முன்னால், மேட்டுப் பக்கம், சேற்றில் அப்பளமாக ஒட்டிக்கிடந்தது ஒரு மஞ்சள் தோல். பக்கத்துக் குழிக்கு முன்னாலும் அதே மாதிரி ஒன்று.

"லோகநாதன் சார், எலுமிச்சம்பழம் எங்க வெப்பீங்க?"

"சக்கரத்துக்கு முன்னாடி. வண்டி ஏறி நசுக்கணும். திருஷ்டிக்கு. வெச்சேன். ஆனா இதைக் கார்லேர்ந்து கழட்டிப் போட்டிருந்தது. கோயிலுக்குப் போய்ட்டு வந்து மாட்டி ஒரு சுத்து ஓட்டிக்கலாம், இருக்கட்டும்னு சொல்லிட்டுப் போனேன்."

"நீங்க போறப்போ பழம் முழுசா இருந்துச்சு?"

"முழுசாத்தான்."

"வண்டி எந்தப் பக்கம் உருண்டுச்சு?"

"பின்னால. ஏரிப் பக்கம்."

"முன்னால இருக்கற பழம், பின்னால போன வண்டியில எப்படி நசுங்கும்?"

லோகநாதன் பழத்தையும் ஏரியையும் மாறி மாறிப் பார்த்தார். "கார் ஏறியிருக்கும்."

"கார் இதுக்கு முன்னால நின்னு, முன்னாலயே போயிருக்கு. காரோட நாலு பழமும் அதோ கேட்டாண்ட நசுங்கிக் கிடக்கு. இல்ல சார். நீங்கள்லாம் போனப்புறம் யாரோ செங்கல்லை எடுத்து, பிரேக்கைத் தளர்த்தி, இந்த வண்டியை மேட்டைப் பார்த்துத் தள்ளியிருக்காங்க. பழம் நசுங்கட்டும்னு. வண்டி திரும்பக் குழியில வந்து உக்காந்துடுச்சு. மழை வந்து குழி கரையற வரைக்கும் நின்னுச்சு. இத்தனை கனத்தை ஒருத்தரால தள்ள முடியாது. மூணு நாலு பேரு."

"பேய் தள்ளியிருக்கும் சார்," என்றான் சிட்டிபாபு. எப்படியாவது பேச வேண்டும் போலிருந்தது.

"பேய்க்கு எலுமிச்சம்பழம் ஆகாதே சிட்டி."

லோகநாதன் சிரித்துவிட்டார். சிட்டிபாபுவும் சிரித்தான். உதடு மட்டும் சிரித்தது.

*

மோதின வண்டியைச் சுவரிலிருந்து இழுத்து, சுவரோரமாகவே சமதரையில் நிறுத்தி, அம்பாசிடரில் மாட்டியே வைத்திருந்தார்கள். பின்பக்கத் தகடு உள்ளே மடங்கியிருந்தது. சுவரில் காரை பெயர்ந்திருந்த இடத்தை யாரும் பார்க்கவில்லை.

"இதை எப்படிக் கழட்டறதுன்னு நான் பார்க்கணும்," என்றார் சுந்தர்சிங்.

ஏகநாதனுக்குப் பதிலாக வந்திருந்த டிரைவர் ரவி தலையைச் சொறிந்தான். "எனக்குத் தெரியாது சார். இழுக்க வந்த மெக்கானிக்குதான் மாட்டிக் குடுத்தாரு. மொதலாளி மாட்டியே வெய்னு சொன்னாரு, அப்டியே வெச்சிருக்கேன்."

லோகநாதன் இரண்டு பக்கமும் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "எனக்கும் தெரியாது. எல்லாம் ஏகநாதன் கை."

"சிட்டி, நீ லாரியில இருந்தவன்தானே? ட்ரை பண்ணு."

சிட்டிபாபு முன்னால் வந்தான். கார் பின்னால் வெல்டு வைத்த இரும்புக் குண்டு. அதைத் தொப்பி போல் கவ்விக்கொண்டிருந்தது வீட்டு வண்டியின் நீள மூக்கு. மூக்குக்கும் வண்டிக்கும் நடுவே தகர மூடி போட்ட ஒரு பெட்டி. அவன் முட்டி போட்டு உட்கார்ந்தான். மூடியைத் தூக்கினான். உள்ளே கையை விட்டு பிரேக் நெம்புகோலை மேலே இழுத்தான். கடகடவென்று பல் ஏறிற்று. இன்னும் ஒரு பல் ஏறுமா என்று மறுபடி இழுத்தான். அப்புறம் ரவியைப் பார்த்து, "ரெண்டு கல்லு கொண்டா," என்றான். கல்லை வாங்கிச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் நெருக்கி, காலால் உதைத்துப் பார்த்தான்.

மற்றதெல்லாம் மெதுவாக நடந்தது. மூக்கோடு மடக்கி வைத்திருந்த குட்டிச் சக்கரத்தைக் கைப்பிடியைச் சுற்றித் தரைக்கு இறக்கினான். கார் பின்விளக்குக்குப் போகிற ஒயரைப் பிடுங்கினான். சங்கிலியை அவிழ்த்தான். கொக்கியைத் தூக்கிவிட்டு மறுபடி கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, மூக்கு மேலே ஏறி, குண்டை விட்டுப் பிரிந்தது. ரவி காரை நாலடி முன்னால் எடுத்தான். வீட்டு வண்டி அசையாமல் தன் காலில் நின்றது.

"அவ்ளோதான் சார். தாலி கட்டறதைவிட அவுக்கறது சுளுவு," என்றான் சிட்டிபாபு, கையைத் தட்டிக்கொண்டே.

சுந்தர்சிங் அந்தத் தகர மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, சும்மா கையில் வைத்துக்கொண்டார்.

ஆபீஸ் அறையில் டெலிபோன் அடித்தது. லோகநாதன் போய்ப் பேசிவிட்டு வந்தார். "ஆஸ்பத்திரியிலேர்ந்து. சம்பந்தம் கண்ணு முழிச்சுட்டானாம்," என்றார். "பாவம் சார். கால் இல்லன்னா என்ன, கேட்டாண்ட நாற்காலி போட்டு ஆயுசுக்கும் உக்கார வெச்சுக்குவேன். அவன்மேல என்ன தப்பு?"

*

ராஜகீழ்ப்பாக்கம் வழியாக ஆஸ்பத்திரிக்கு ஸ்கூட்டரை சுந்தர்சிங்தான் ஓட்டினார். பின்னால் உட்கார்ந்திருந்த சிட்டிபாபு தன் கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டே வந்தான். 'சம்பந்தம் வாயைத் திறந்தால் முடிஞ்சுது' என்று ஒரு பக்கம் பயம். 'திறக்கட்டும், முடியட்டும்' என்று இன்னொரு பக்கம். சேலையூர் தாண்டும்போது சுந்தர்சிங், "பல்லுவலி எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"அப்படியேதான் சார் கீது."

"பிடுங்கிட்டா சரியாப் போயிடும்."

அரசாங்க ஆஸ்பத்திரி வார்டில் ஜன்னலோரக் கட்டில். சம்பந்தம் ஐம்பதைத் தாண்டின ஆள். போர்வை ஒரு பக்கம் மேடாகவும், ஒரு பக்கம் பாதியிலேயே தட்டையாகவும் இருந்தது. அவர் மனைவி தையல்நாயகி ஃபிளாஸ்க்கிலிருந்து கஞ்சியை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

சுந்தர்சிங் தன்னை யாரென்று சொல்லிக்கொண்டார். "ஏகநாதன் எழுதிக் குடுக்கப் போறானாம். வண்டியை யாரு தள்ளினாங்கன்னு எனக்குத் தெரியணும்."

"நான்தான் சார் தள்ளச் சொன்னேன்," என்றார் சம்பந்தம். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "மொதலாளி இருக்கட்டும்னுட்டுதான் போனாரு. எனக்குத்தான் மனசு கேக்கல. பொட்டு வெச்ச பழம் அப்டியே கெடக்குது, நல்ல நேரம் தாண்டிப் போவுதேன்னு..."

"யார் யார் தள்ளினீங்க?"

"நானும் சாமான் தூக்கற ரெண்டு பேரும். அவனுங்க ஊருக்குப் பூட்டானுங்க."

"மூணே பேரா?"

"மூணே பேருதான்."

"பிரேக்கை எடுத்தது?"

"நான்."

"மறுபடி போடாம விட்டது?"

"அதுவும் நான்தான் சார். பொரி தின்ற ஜோருல மறந்துட்டேன். ஏகநாதன வுட்டுடச் சொல்லுங்க. என்னோட போவட்டும். போன காலு இன்னொருத்தன் செயிலுக்குப் போனா மொளச்சிடவா போவுது?"

தையல்நாயகி டம்ளரை நங்கென்று வைத்தாள். "கண்ணு தொறந்ததுலேர்ந்து இதையேதான் சொல்லிக்கினு கீது சார் இந்த ஆளு. இது காதுல வுழுந்தா மொதலாளி கேட்டாண்ட உக்காரவும் வுட மாட்டாரு. அப்புறம் நாங்க எங்க போறது?"

சம்பந்தத்தின் பார்வை சுந்தர்சிங்கைத் தாண்டி, அவருக்குப் பின்னால் நின்றவன் முகத்தில் வந்து நின்றது. ஒரு மூச்சு நேரம். அப்புறம் நகர்ந்து குளுக்கோஸ் பாட்டிலுக்குப் போனது.

"தம்பி யாரு சார்? நான் பாத்ததில்லியே."

"என் அசிஸ்டென்ட்."

"அப்படியா," என்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டார்.

சிட்டிபாபு வெளியே வராந்தாவுக்கு வந்தது அவனுக்கே தெரியாது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். சுந்தர்சிங் பின்னாலேயே வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்தார்.

"ஒரு வேடிக்கை பார்த்தியா சிட்டி? நம்ம தொழில்ல எல்லாரும் நான் இல்ல, நான் இல்லன்னுதான் நிப்பாங்க. அதுல பொய் சொல்றவனைத் தேடுவோம். இந்தக் கேசுல ரெண்டு பேரு நான்தான், நான்தான்னு அடிச்சுக்கறாங்க. ரெண்டும் நெசமில்ல. அப்போ யாரைத் தேடணும்?"

"சொல்லாதவன சார்."

"சம்பந்தம் சொன்னதை இதுல எழுது. இன்ஸ்பெக்டர்கிட்ட குடுத்தா ஏகநாதன் சாயங்காலமே வீட்டுக்குப் போயிடுவான். வாங்கின வேலை முடிஞ்சுது. சம்பந்தத்துக்கு கேட்டு நாற்காலி போகும். போகட்டும், அவரே கேட்டு வாங்கினது."

தாள் காற்றில் படபடத்தது. சிட்டிபாபு அதை வாங்கவில்லை.

"எப்ப தெரிஞ்சிது சார்?"

"செங்கல்லுல சந்தேகம். வண்டியைக் கழட்டினப்போ உறுதி. ஆறு வருஷமா வண்டி வெச்சிருக்கறவருக்குத் தெரியல, புது டிரைவருக்குத் தெரியல. உன் கை நேரா அந்தப் பெட்டிக்குள்ள போச்சு. அதுவும் முதல் வேலையா. ரெண்டாந்தரம் வேற இழுத்துப் பார்த்த. அப்படி பிரேக் போடறவன், எப்பவோ ஒரு தரம் போடாம விட்டவன்தான்."

"தெரிஞ்சும் ஏன் சார் கேக்கல?"

"நான் கேட்டு நீ சொன்னா அது நான் பிடிச்சது. சம்பந்தம் வாயால வந்தா அது அவர் பிடிச்சது. உனக்குன்னு, நீயா சொல்ற ஒரு வார்த்தையாவது மிச்சம் இருக்கட்டுமேன்னுதான்."

சிட்டிபாபு தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "மறந்ததுகூட இல்ல சார். தள்ளி முடிச்சோம், வண்டி குழியில வந்து சொகமா உக்காந்திச்சு. நான் செங்கல்ல எடுத்துக்கினு போய் அடுக்குனேன். திரும்பி வரச்சொல்ல சம்பந்தம் கை நெறைய பொரி குடுத்தாரு. ரெண்டு கையிலயும் பொரி. 'பிரேக் போட்டியாடா'ன்னு கேட்டாரு. பொரியக் கீழ வெக்க சோம்பேறித்தனம். தின்னுட்டுப் போட்டுக்கலாம்னு, 'போட்டாச்சு தலைவா'ன்னேன். அந்த நேரம் பார்த்து பஸ்ஸு வந்திச்சு. அந்த ஒரு வார்த்தய நம்பித்தான் சார் அந்த மனுசன் வண்டிக்குப் பின்னால போய் நின்னாரு."

உள்ளே ஏதோ கட்டிலிலிருந்து இருமல் சத்தம் வந்தது. சுந்தர்சிங் தாளை நீட்டினபடியே இருந்தார். சிட்டிபாபு வாங்கினான். தூணின் மேல் தாளை வைத்து, நின்றபடியே எழுதினான். சம்பந்தம் பெயரில் ஆரம்பிக்கவில்லை. 'சிட்டிபாபு ஆகிய நான்' என்று ஆரம்பித்தான். பிரேக் போட்டதாக நான்தான் சொன்னேன் என்கிற இடத்தில் பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போனது.

*

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அதை இரண்டு தரம் படித்தார். எலுமிச்சம்பழ விஷயத்தை சுந்தர்சிங் சொல்லக் கேட்டு, ரெண்டு செங்கல்லையும் எடுத்து வர ஆள் அனுப்பினார். பிறகு ரைட்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். உள்ளேயிருந்து ஏகநாதன் வந்தான். சட்டையில் பட்டன் இல்லை. கதவோரம் காத்திருந்த அஞ்சம்மாள் எழுந்து ஓடி, அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த சாரும் சிட்டி அண்ணனும்தான் உன்ன வெளிய கொண்டாந்தாங்க. கும்புட்டுக்கோ," என்றாள்.

ஏகநாதன் கையெடுத்தான்.

"கும்புடாத அண்ணா," என்றான் சிட்டிபாபு. "செங்கல்ல எடுத்தவன் நான். பிரேக்க எறக்கினவன் நான். போட்டுட்டேன்னு சம்பந்தத்தாண்ட பொய் சொன்னவனும் நான்தான். எழுதிக் குடுத்துட்டேன்."

அஞ்சம்மாளின் கை மெதுவாக ஏகநாதனின் முழங்கையை விட்டது. இப்போதுதான் அண்ணன் என்று கூப்பிட்டவனை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

ஏகநாதனுக்கு விஷயம் உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "நான் வெச்சேன்," என்றான் தனக்குத்தானே. "செங்கல் நான் வெச்சேன். பிரேக்கும் போட்டேன். ரெண்டு நாளா, போட்டேனா இல்லியான்னு, எனக்கு புத்தி பெசகிடிச்சான்னு..." நிறுத்தினான். நிமிர்ந்து சிட்டிபாபுவைப் பார்த்தான்.

"வியாழக்கெழம நீ பண்ணத வுடு. சோம்பேறித்தனம் எனக்கும் வரும். எவனுக்கும் வரும். வெள்ளிக்கெழம எங்கடா இருந்த?"

சிட்டிபாபுவுக்கு எதற்கும் ஒரு பதில் இருக்கும். கேட்டவன் வாயடைத்துப் போகிற மாதிரி ஒன்று எப்போதும் நாக்கு நுனியில் நிற்கும். இதற்கு ஒன்றும் வரவில்லை.

"அப்பா பேரு?" என்றார் ரைட்டர், நோட்டைத் திருப்பிக்கொண்டே.

சொன்னான்.

"வயசு?"

அதையும் சொன்னான். சுந்தர்சிங் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து போகிறவராகத் தெரியவில்லை.

ஏகநாதன் வாசல்படி வரைக்கும் போனான். அங்கே நின்று, திரும்பாமல், பெண்டாட்டியிடம் சொல்வதுபோல் சொன்னான்.

"ராத்திரிக்கு எனக்குன்னு வெச்ச சோத்த இவனுக்குக் கொண்டாந்து குடு. இங்க எட்டு மணிக்கு மேல எதுவும் கெடைக்காது."

அஞ்சம்மாள் தலையாட்டினாள். இரண்டு பேரும் ரோட்டில் இறங்கி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்கள். ரைட்டர் அடுத்த கேள்வியை மூன்று தரம் கேட்க வேண்டியிருந்தது.